சிரிப்பும் சீர்திருத்தமும்: குடியொழிப்பு நாடகம் மொழி மாறிய கதை

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு (கணியூர்)

திருக்குறளில் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஓர் உண்மை விளங்கும். குடித்து மயங்கியவனுக்குக் காரணம் காட்டி அறிவுரை சொல்வது, நீருக்குள் மூழ்கிப் போனவனைத் தீவட்டி பிடித்துத் தேடுவதற்கு ஒப்பாகும் என்கிறது முதற்குறள். அறிவுரை பயன்படாது என்பது அதன் முடிவு. அப்படியானால் வேறு வழியே இல்லையா என்று கேட்பவனுக்கு அடுத்த குறள் விடை தருகிறது. ஒருவன் தான் குடிக்காமல் தெளிந்திருக்கும் வேளையில், குடித்துக் களித்தவன் ஒருவனைக் காண்கிறானே, அப்போதாவது தன் சோர்வு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கமாட்டானா என்று அது கேட்கிறது.

குடியொழிப்பு நாடகத்தின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு வினாவில் அடங்கிவிட்டது என்பது என் எண்ணம். தெளிந்திருக்கும் வேளையில் ஒருவனை உட்கார வைத்து, மயங்கியிருக்கும் ஒருவனை அவன் கண்முன் நடமாட விடுவதுதானே நாடகமேடையின் வேலை? அறிவுரையால் ஆகாததைக் காட்சி செய்யும் என்று வள்ளுவர் எதிர்பார்த்திருக்கிறார். இத்தகைய நாடகமும் கதையும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் செல்லும்போது என்ன நேர்கிறது, எது கூடுகிறது, எது குறைகிறது என்பதை நம் தமிழ்நாட்டில் உண்மையாக நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கில நாவல் தமிழ் மேடைக்கு வந்த வழி

1860 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்றொரு நாவல் வெளிவந்தது. எழுதியவர் எலன் வுட் அம்மையார். திருமதி ஹென்றி வுட் என்ற பெயரில் வாசகர்களுக்கு அறிமுகமானவர். ஸ்காட்லாந்து மதுவிலக்குச் சங்கம் நடத்திய போட்டியில் நூறு பவுன் பரிசு பெற்ற கதை அது. குடியால் ஒரு குடும்பம் சிதைவதைச் சொல்லும் அந்த நாவல் அந்நாட்டில் பெருமளவில் விற்பனையாயிற்று.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அக்கதை தமிழ்நாட்டில் இரண்டு வேடங்களில் தோன்றியது. ஒன்று, தெ. பொ. கிருஷ்ணசாமிப் பாவலர் எழுதி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியார் மேடையேற்றிய 'பதிபக்தி' என்னும் நாடகம். பாவலர் அவர்கள் 'கதரின் வெற்றி' நாடகத்தின் ஆசிரியர், பேரறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் தமையனார். மற்றொன்று, ஆனந்த விகடனில் எஸ். எஸ். வாசன் எழுதிய 'சதிலீலாவதி' என்னும் தொடர்கதை.

1936 ஆம் ஆண்டில் இரண்டுமே திரைப்படங்களாயின. கோவையைச் சேர்ந்த மருதாசலம் செட்டியார் 'சதிலீலாவதி'யைத் தயாரித்தார். எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர் இயக்கினார். அவர் இயக்கிய முதற்படம் அது. தமிழ் அறியாத ஒருவர் தமிழ்ப்படம் இயக்கியதால், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த கதை படப்பிடிப்புத் தளத்தில் மறுபடியும் ஆங்கிலத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பியிருக்க வேண்டும்! எம். கே. ராதா கதாநாயகன். அவருடைய தந்தையார் கந்தசாமி முதலியார் உரையாடல் எழுதினார். பின்னாளில் முதலமைச்சரான எம். ஜி. ஆர். அவர்களுக்கும், டி. எஸ். பாலையாவுக்கும் அதுவே முதற்படம். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் ஒப்புக்கொண்ட முதற்படமும் அதுதான். 1935 இல் 'மேனகா' முந்திக்கொண்டு திரைக்கு வந்துவிட்டது.

இரண்டு கதைகளும் ஒன்றுபோலவே இருந்ததால் யார் யாரைப் பார்த்து எழுதினார் என்ற வழக்கு எழுந்தது. இரண்டுக்கும் மூலம் 'டேன்ஸ்பரி ஹவுஸ்' நாவலே என்று வாசன் சாட்சியம் சொன்னதால் சிக்கல் தீர்ந்தது. குடியைப் பற்றிய கதைக்கு யார் உரிமையாளர் என்ற வழக்கில், உரிமை கடல் கடந்து இருந்தது என்பது சுவையான முடிவு.

பெயர் மாறியது, பொறுப்பும் மாறியது

இங்குதான் மொழிபெயர்ப்பு பயிலும் மாணவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஆங்கில நாவலின் பெயர் ஒரு வீட்டின் பெயர். வீடு என்றால் அதில் தந்தை, தாய், மக்கள், வேலையாட்கள் என எல்லாரும் அடக்கம். குடி புகுந்தால் வீடே ஆட்டங் காண்கிறது என்பது அப்பெயரின் குறிப்பு. தமிழுக்கு வந்தபோது பெயர் என்னவாயிற்று? ஒன்று 'பதிபக்தி', மற்றொன்று 'சதிலீலாவதி'. இரண்டும் குடிக்காத மனைவியைக் குறிக்கும் பெயர்கள்!

'சதிலீலாவதி' படத்தின் கதைப்படி, வசதியுள்ள கணவன் தீய நட்பால் குடிக்கிறான். குடிமயக்கத்தில் நண்பனைக் கொன்றுவிட்டதாக நம்பி இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். மனைவி லீலாவதி வறுமையிலும் கற்பு வழுவாமல் இராட்டை சுற்றிப் பிழைக்கிறாள். கடைசியில் எல்லாம் நலமாக முடிகிறது. அக்கால மக்கள் இதைக் கண்டு கண்ணீர் வடித்தார்கள். பலர் மனம் மாறியுமிருக்கலாம். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்த பெருமையும் அப்படத்துக்கு உண்டு. ஆயினும், குடித்தவன் திருந்தும்வரை பொறுத்திருப்பதே பெண்ணின் கடமை என்னும் பாடம் மூலநூலின் பெயரில் இல்லை; நாம் சேர்த்துக்கொண்டது. சொற்களை மாற்றுவது மட்டும் மொழிபெயர்ப்பு ஆகாது. கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் நம்பிக்கைகள் கதைக்குள் தாமாக ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இதை நான் வெறும் ஆராய்ச்சிக்காகச் சொல்லவில்லை. எங்கள் கணியூரிலிருந்தும் மடத்துக்குளம், உடுமலைப் பகுதிகளிலிருந்தும் நூற்பாலைகளுக்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் ஏராளம். லீலாவதியின் இராட்டை இன்று ஓவர்லாக் மிஷினாக மாறியிருக்கிறது, அவ்வளவே. சனிக்கிழமைச் சம்பளம் அவர்கள் கையில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதில் ஒரு பங்கு எங்கே போகிறது என்பதை நம்மில் பலர் வீட்டிலேயே அறிவோம்.

ஒரு நோம்பியின்போது எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு குழுவினர் குடியைப் பற்றிய நகைச்சுவை நாடகம் போட்டார்கள். குடிகாரனாக நடித்தவர் நன்றாகவே தள்ளாடினார், வேட்டி அவிழ்ந்தது, கம்பத்தைக் கட்டிப்பிடித்து மாப்பிள்ளை என்றார். இளைஞர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் அருகில் இருந்த அம்மா ஒருவர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவர், சிரிக்கவில்லை. ஏனென்று கேட்டேன். "இதப் பாக்க இவ்வளவு தூரம் வரோணுமா கண்ணு? எங்கூட்டுல தெனமும் இதே கூத்துத்தான்" என்றார். ஒரே காட்சி ஒருவருக்கு வேடிக்கை, இன்னொருவருக்கு வேதனை. அப்படியானால் குடியொழிப்பு நாடகத்தில் யாரைப் பார்த்துச் சிரிக்க வைப்பது என்பதே முதற்கேள்வி ஆகிறது.

கலைவாணர் காட்டிய வழி

இக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் விடை தேடியவர்களுள் தலையாயவர் கலைவாணர். 1908 இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்து, டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தவர். 'சதிலீலாவதி'யில் தம் நகைச்சுவைப் பகுதியைத் தாமே அமைத்துக்கொண்டார் என்று திரைப்பட வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அழுகைக் கதையின் நடுவே தனியாக ஓடிய சிரிப்பு அது.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1949 இல் வந்த 'நல்லதம்பி'யில் சிரிப்பே கதையாகிவிட்டது. அறிஞர் அண்ணா எழுதி, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய அப்படம் 1936 இல் வெளிவந்த 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்னும் அமெரிக்கப் படத்தின் தழுவல். ஆனால் அமெரிக்கக் கதையில் இல்லாத ஜமீன் ஒழிப்பும் மதுவிலக்கும் தமிழில் புகுந்தன. நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் மெட்டிலும் நடையிலும் 'கிந்தனார்' என்றொரு கதையை அதில் நடத்திக் காட்டினார் கலைவாணர். தில்லைக்குப் போகத் துடித்த நந்தனின் இடத்தில் பள்ளிக்கூடம் போகத் துடிக்கும் சிறுவன் வந்தான். தமிழிலிருந்து தமிழுக்கே செய்த மொழிபெயர்ப்பு என்று இதைச் சொல்லலாம். மக்களுக்குப் பழகிய பாத்திரத்தில் புதிய சோறு படைக்கும் வித்தை இது.

அப்படத்துக்குப் பாட்டெழுதியவர்களுள் ஒருவர் நம் பூளவாடியில் 1899 இல் பிறந்த உடுமலை நாராயணகவி என்பதை இங்குப் பெருமையோடு நினைவுகூர்கிறேன். உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. நாள்தோறும் அவ்வழியே போகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்?

கலைவாணரின் முறையை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். விழுந்தவனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அவனை விழவைத்த பழக்கத்தையும், அதற்கு அவன் சொல்லும் நொண்டிச் சாக்கையும் பார்த்துச் சிரிக்க வைப்பது கடினம். முன்னதில் பார்ப்பவன் தன்னை உயர்ந்தவனாக எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். பின்னதில் தன்னையே மேடையில் காண்கிறான். வள்ளுவர் விரும்பிய சிரிப்பு இந்த இரண்டாவது சிரிப்புத்தான்.

ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இதே நாடகம்

இனி ஒரு தொலைதூர நாட்டை ஒப்பிட்டுப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கான்ஸ் என்றொரு மொழி வழங்குகிறது. டச்சு மொழி கேப் பகுதியில் குடியேறியோர், அடிமைகள், அம்மண்ணின் பழங்குடிகள் ஆகியோர் வாயில் உருமாறிப் பிறந்த மொழி அது. 1925 ஆம் ஆண்டு ஆட்சிமொழித் தகுதி பெற்றது. டச்சுக் கம்பெனியார் கேப் பகுதிக்குக் கொண்டுபோன அடிமைகளில் நம் சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர்களும் உண்டு. நாம் படுக்கும் 'கட்டில்' மலாய் வழியாக அம்மொழிக்குள் நுழைந்து 'காட்டல்' என்று இன்றும் வழங்குகிறது. 'டேன்ஸ்பரி ஹவுஸ்' வெளிவந்த அதே 1860 இல் சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல் நம்மவர்களை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு சேர்த்தது. ஆகவே அந்நாடு நமக்கு முற்றிலும் அயல்நாடன்று.

அங்கே கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் 'டாப் முறை' என்றொரு கொடுமை நெடுங்காலம் இருந்தது. வேலையாட்களுக்குக் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே கொடுத்துவிடுவார்கள். நாளொன்றுக்குப் பலமுறை அளந்து ஊற்றுவார்கள். 1960களில் சட்டம் தடுத்த பின்னும் சில தோட்டங்களில் அது தொடர்ந்தது. கருவுற்ற தாய் குடிப்பதால் பிறக்கும் குழந்தையின் மூளையும் உடலும் குன்றும் நோய், உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் பகுதிகளில் ஒன்றாக அப்பகுதி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

இப்போது எண்ணிப் பாருங்கள். சொந்தப் பணத்தைக் குடித்து அழித்த பணக்காரக் கிருஷ்ணமூர்த்தியின் கதையை அப்படியே ஆப்பிரிக்கான்ஸில் பெயர்த்தால், கூலிக்குப் பதில் மது வாங்கிய தோட்டத் தொழிலாளி என்ன நினைப்பான்? "நானா கேட்டேன்? முதலாளிதானே ஊற்றினார்" என்பான். அவனிடம் போய் ஒழுக்கம் பேசுவது பொருந்தாது. அங்கே நாடகத்தின் வில்லன் புட்டியை நீட்டும் கணக்குப்பிள்ளையாக இருக்க வேண்டும். ஊர் மாறினால் கதையின் குற்றவாளியும் மாறுவான். இதை அறியாத மொழிபெயர்ப்பு உயிரற்றது.

பெயர்க்க முடியாத சிலேடைகள்

நகைச்சுவைக்கு இன்னொரு தொல்லை சிலேடை. 'டாப்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு ஆப்பிரிக்கான்ஸில் ஓடு அல்லது கூடு என்று ஒரு பொருள். ஒரு மடக்கு மது என்று மற்றொரு பொருள். பேச்சுவழக்கில் தேர்வில் தோற்பது என்று மூன்றாவது பொருளும் உண்டு! மாணவனைப் பற்றிய குடியொழிப்பு நாடகத்துக்கு இதைவிட வாய்ப்பான சொல் கிடைக்குமா? ஒரே சொல்லில் காரணமும் விளைவும் வந்துவிடுகின்றன. இதைத் தமிழில் பெயர்த்தால் சிரிப்பு ஓடிவிடும், ஓடுதான் மிஞ்சும்.

நம்மிடமும் இதற்கு ஈடு உண்டு. 'குடி குடியைக் கெடுக்கும்' என்பதை எந்த மொழியில் பெயர்ப்பது? பழக்கமும் குடும்பமும் ஒரே சொல்லாக அமைந்த அழகு வேறெங்கே கிடைக்கும்? 'தண்ணி' என்றால் என்ன தண்ணீர் என்று கேட்க வேண்டிய காலம் இது. எங்கள் பக்கத்தில் வானம் இருண்டாலும் 'மப்பு'. மனிதன் இருண்டாலும் 'மப்பு'. திருப்பூர்க்காரர்களுக்கென்றே ஒரு சிலேடை இருக்கிறது. பனியன் கம்பெனியில் 'கட்டிங்' என்றால் துணி வெட்டும் பிரிவு. கடை வாசலில் 'கட்டிங்' என்றால் ஒரு குவார்ட்டரை இருவர் பங்கிடுவது. "மகன் கட்டிங்கில் இருக்கிறான்" என்று பெருமையாகச் சொல்லும் தாயையும், அதை வேறு பொருளில் புரிந்துகொண்டு தலையை ஆட்டும் சம்பந்தியையும் மேடையில் நிறுத்தினால் போதும். சிரிப்பு தானே வரும். அந்தச் சிரிப்பில் யாருடைய வேட்டியும் அவிழவேண்டியதில்லை.

எனவே நகைச்சுவை நாடகத்தை மொழிபெயர்ப்பவர் சொல்லைத் தேடாமல், அச்சொல் செய்த வேலையைச் செய்யக்கூடிய உள்ளூர்ச் சொல்லைத் தேட வேண்டும்.

சிரிப்புக்குள் அறிவியல்

கல்விக்காக எழுதும் நாடகம் சிரிக்க வைப்பதோடு நின்றுவிடலாகாது. சரியான செய்தி ஒன்றாவது பார்ப்பவர் தலையில் தங்க வேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு.

நூற்றுக்கு 42.8 பங்கு எரிசாராயம் கொண்ட மது 180 மில்லி, அதாவது ஒரு குவார்ட்டர், என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள எரிசாராயத்தின் எடை ஏறத்தாழ 60 கிராம். மனிதனின் கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். ஆகவே இரவு 10 மணிக்குக் குடித்தவன் உடலிலிருந்து அது முற்றும் நீங்க விடியற்காலை 4 மணியிலிருந்து 7 மணி வரை ஆகும். ஆளுக்கு ஆள் இது வேறுபடும். காலை ஷிப்டுக்கு வரும்போது தெளிந்துவிட்டதாக அவன் நினைக்கிறான்; கல்லீரல் இன்னும் கோப்பு பார்த்துக்கொண்டிருக்கிறது!

கல்லீரலை ஒரே ஒரு சன்னல் உள்ள அலுவலகத்தின் எழுத்தராக மேடையில் காட்டலாம். வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் அவர் தம் வேகத்தில்தான் முத்திரை குத்துவார். மோர் கொடுத்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்து தலையில் தேய்த்தாலும், கடுங்காப்பி ஊற்றினாலும், குளிர்ந்த நீரில் முக்கினாலும் அவர் அசையமாட்டார். நேரம் ஒன்றே மருந்து. இந்தக் காட்சியில் சிரிப்பும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது.

சில செய்திகளைச் சிரிப்பில்லாமலே சொல்ல வேண்டும். கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைக் குருடாக்கி உயிரையும் பறிக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இதனால்தான். அடுத்து, பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். ஆகவே மருத்துவர் துணை வேண்டும். நம் நாடகங்களிலோ கடைசிக் காட்சியில் கதாநாயகன் கோயில் முன் சத்தியம் செய்கிறான், விளக்கு அணைகிறது. பார்ப்பவன் வீட்டுக்குப் போய் அப்படியே செய்து, மூன்றாம் நாள் கை நடுங்கி மறுபடியும் கடைக்கு ஓடினால், தன்னை மனவுறுதி இல்லாதவன் என்று வெறுத்துக்கொள்வான். குடி அடிமைநிலை சிகிச்சைக்கு உரிய நோய் என்பதை நாடகம் சொல்ல வேண்டும். 1980 இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் சென்னையில் டி. டி. ரங்கநாதன் பெயரால் தொடங்கிய மருத்துவ நிறுவனம் அந்த எண்ணத்தை நம் மாநிலத்தில் பரப்பியது. நடுவண் அரசின் 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். வசனத்தில் ஒரு முறை அந்த எண் வந்தால் நாடகம் ஒன்றும் கெட்டுவிடாது.

சட்டமும் மேடையும்

வரலாற்று மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் கொங்கு நாடு மதுவிலக்கு வரலாற்றில் முன்னணியில் நின்ற பகுதி. 1921 இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாவும் களத்தில் நின்றார்கள். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 1929 இல் இராஜாஜி, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழை நடத்தினார். அதில் துணைநின்றவர் கல்கி. கதையும் நகைச்சுவையும் அறிவுரையைவிடத் தொலைதூரம் போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அதனால் இழந்த வருவாயை ஈடுகட்டவே 1939 இல் விற்பனை வரி பிறந்தது. 1948 இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு பரவியது. 1971 இல் தளர்ந்தது, மீண்டும் இறுகியது, 1981 இல் மறுபடியும் தளர்ந்தது. 1983 இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. சட்டம் அலைபோல் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. எந்தச் சட்டம் சரி என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. சட்டம் எந்த நிலையில் இருந்தாலும் மேடைக்கு வேலை இருந்தே வந்திருக்கிறது என்பதே நான் காண்பது.

நம் கரும்புக் கழனிகளையே பாருங்கள். கிருஷ்ணாபுரத்தில் அமைந்த அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையோடு எரிசாராய வடிசாலையும் சேர்ந்திருந்தது. கரும்பிலிருந்து சர்க்கரையும் வரும், கழிவுப்பாகிலிருந்து சாராயமும் வரும். ஒரே கரும்பின் இரண்டு பிள்ளைகள். குடி என்பது எங்கோ பிறந்த தீமையன்று, நம் வயலோடும் வருவாயோடும் பின்னிக் கிடப்பது என்பதை உணர்ந்து எழுதும் நாடகமே நம் மக்களுக்குச் சொந்தமாகும்.

நெல்லூர்ப் பெண்கள் எழுதிய முடிவு

'சதிலீலாவதி'க்கு வேறொரு முடிவு எழுத முடியுமா? எழுதிக் காட்டியிருக்கிறார்கள், நம் அண்டை மாநிலத்துப் பெண்கள். 1990களின் தொடக்கத்தில் ஆந்திர மாநிலம் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்று பாட்டும் நாடகமும் நடத்தின. முதியோர் படிக்கும் பாடநூலில், பெண்கள் ஒன்றுகூடிச் சாராயக்கடையை மூடச் செய்ததாக ஒரு பாடம் இருந்தது. தூபகுண்டா என்னும் ஊரில் அதைக் கேட்ட பெண்கள் ஒன்றுகூடித் தம் ஊர்க் கடையை அடைக்கச் செய்தார்கள். 1992 இல் அது மாவட்டமெங்கும் பரவியது. 1993 அக்டோபரில் அம்மாநிலத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995 இல் முழு மதுவிலக்கே வந்தது. அது நெடுநாள் நீடிக்கவில்லை. 1997 இல் தளர்ந்துவிட்டது. எனினும் கதை கேட்ட பெண் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகாமல் எழுந்து நடந்தாள் என்பது வரலாறு. அக்கதையில் பெண் பொறுமையின் சிலையாக நிற்கவில்லை. கதையை நடத்துபவளாக இருந்தாள். பாத்திரப் படைப்பு மாறியதும் பார்வையாளரின் செயலும் மாறியது.

முடிவாகச் சில சொற்கள்

மாணவ நண்பர்களே, நம் கல்லூரி நாட்டுநலப்பணித் திட்ட முகாம்களிலும் விடுதி விழாக்களிலும் ஆண்டுதோறும் இத்தகைய நாடகங்கள் நடைபெறுகின்றன. இனி எழுதுவோர்க்கு இக்கட்டுரை கண்டவற்றைச் சுருக்கித் தருகிறேன். தள்ளாடும் மனிதனை விட்டுவிட்டு, தள்ளாட வைக்கும் சாக்குப்போக்குகளை நகைப்புக்கு உள்ளாக்குங்கள். மனைவியை வாய்மூடி அழ வைக்காமல் பேச வையுங்கள். வேற்றுமொழி நாடகத்தை எடுத்தால் ஊரையும் கூலியையும் பார்த்து மாற்றுங்கள். ஒரு கணக்கையாவது சரியாகச் சொல்லுங்கள். சத்தியத்தில் முடிக்காமல் சிகிச்சையில் முடியுங்கள்.

குடி என்பது பெரியவர்களின் பிரச்சினை என்று நாம் இருந்துவிடவும் முடியாது. உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலமும், வலிக்கு எழுதித் தந்த மாத்திரையைப் போதைக்குப் பயன்படுத்தும் கேடும் நம் வயதினரிடையேதான் பரவுகின்றன. அவற்றைப் பற்றி நகைச்சுவை நாடகம் எழுத நம் அப்பா தலைமுறை வராது. அவற்றின் பெயர்களும் சைகைகளும் சாக்குகளும் நமக்குத்தான் தெரியும். நாராயணகவி பிறந்த மண்ணில் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் பேனாக்களுக்குப் பஞ்சம் இருக்காது என்று நம்புகிறேன். பனியன் கம்பெனி வேலை முடிந்து களைத்து வரும் தாய்மார்களும் முன்வரிசையில் அமர்ந்து மனம்விட்டுச் சிரிக்கும்படியான நாடகம் ஒன்று நம் கல்லூரியிலிருந்து வரட்டும். தெளிந்திருக்கும் வேளையில் ஒருவன் தன்னைக் காண வழி செய்வது கற்றவர் கடன்.